பேசிப் பெற்ற தண்ணீர்

மதுரைக் கோரிப்பாளையத்திலிருந்து ஏ.வி. பாலத்தின் வழியே நகருக்குள் செல்வோர் ஆண்டின் பெரும்பகுதியில் கீழே காண்பது ஆற்றையன்று. ஆறு ஓடிய தடத்தையே. மணலும் நாணலும் சாக்கடை நீரும் கலந்து கிடக்கும் அந்தப் படுகைதான் சங்கப் புலவர்கள் பாடிக் களித்த வைகை. ஆயினும் நகரின் வடக்கே சில கல் தொலைவு சென்று வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் பார்த்தால், மதகு திறந்த பருவத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை விரிந்து கிடக்கும். வைகை வறண்டிருக்க வயல் எங்ஙனம் நனைகிறது என்று வெளியூர் அன்பர்கள் சிலர் நம்மிடம் வியந்து வினவியதுண்டு.

அந்நீரில் பெரும்பங்கு வைகைக்குப் பிறந்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சிவகிரிப் பகுதியில் பிறந்து, அரபிக் கடலை நோக்கிச் செல்லும் பெரியாற்றின் நீர் அது. மேற்கே போக வேண்டிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியதால் மதுரைச் சமவெளி பிழைத்தது. திருப்பியவர் பொறியாளர் கர்னல் பென்னிகுவிக் என்பதைக் கம்பம், கூடலூர்ப் பக்கத்துச் சிறுவனும் அறிவான். அவருடைய படத்தை வீட்டில் மாட்டியிருப்போர் பலர். லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. இவையாவும் தகும்.

ஆனால் கல்லும் காரையும் வைத்துக் கட்டத் தொடங்குவதற்கு முன்பு, அந்த மலையில் கால் வைக்கவே ஓர் உடன்படிக்கை வேண்டியிருந்தது. அதில் ஒப்பமிட்டவர்கள் யார், எத்தகைய நிபந்தனைகளோடு தண்ணீர் வந்தது, அந்நிபந்தனைகள் பின்னர் எவ்வாறு திருத்தப்பெற்றன என்பதை அறிந்தோர் நம்மில் சிலரே. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. ஏனெனில் இன்று நாம் அஞ்சும் சச்சரவின் வேரும், அதற்கான மருந்தும் அந்த ஏடுகளுக்குள்ளேயே இருக்கின்றன என்பது நம் எண்ணம்.

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் ஆங்கிலேயரின் சிந்தையில் முதன்முதலாக உதித்ததன்று. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆளனுப்பி மலையை ஆராயச் செய்தார். செலவை எண்ணி அக்காரியம் கைவிடப்பட்டது. வைகையின் கடைமடையில் இருப்பவர் இராமநாதபுரத்தார் அல்லரா? மேல்மடைக்காரன் உறங்கினாலும் கடைமடைக்காரன் உறங்க மாட்டான். பின்னர் 1808-இல் கும்பினியாரின் கேப்டன் கால்டுவெல் மலையேறிப் பார்த்துவிட்டு, இது வெறுங்கற்பனை, மேற்கொண்டு கருதவும் தக்கதன்று என்று அறிக்கை எழுதினார். (திருநெல்வேலிப் பேராயர் கால்டுவெல் வேறு, அவரை இவரோடு குழப்பிக் கொள்ளலாகாது.) 1850-இல் சிறு அணை ஒன்றைத் தொடங்கினர், காட்டுக் காய்ச்சல் தொழிலாளரை விரட்டவே அதுவும் நின்றது.

அதன்பின் வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். நம் பாட்டனார் காலத்து மக்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நடுக்கத்தோடு சொல்லிவந்தது அதுவே. அலட்சியமாய் இருந்த அரசை அப்பஞ்சம் அசைத்தது. 1882-இல் திட்டத்தைச் செப்பனிடும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்குகள் தயாராயின. தடையாக நின்றது இப்போது மலையன்று. மலைக்கு உரியவர் வேறொருவர் என்பதே.

பெரியாறு ஓடிய காடு திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சிக்குட்பட்டது. திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் மேலாதிக்கத்துக்கு அடங்கிய சமஸ்தானமே எனினும், அதற்கெனத் தனி அரசர், திவான், நீதிமன்றம், கருவூலம் யாவும் இருந்தன. சென்னை அரசு தன் விருப்பப்படி அங்கே ஒரு கூடை மண்ணை அள்ளவும் உரிமையில்லை. எனவே இரு நாடுகளுக்கிடையே தூது நடப்பது போன்றே கடிதங்களும் மறுப்புகளும் ஆண்டுக்கணக்கில் போய்வந்தன. இறுதியில் 1886 அக்டோபர் 29-ஆம் நாள் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. மூலம் திருநாள் மகாராஜாவின் சார்பில் திவான் இராமய்யங்காரும், ஆங்கில அரசின் சார்பில் ரெசிடெண்ட் ஹானிங்டனும் ஒப்பமிட்டனர். இராமய்யங்கார் திவானாவதற்கு முன் சென்னை அரசிலேயே உத்தியோகம் பார்த்தவர். தாம் முன்பு உப்பிட்டவரை எதிரில் அமர்த்தித் தம் புதிய அரசருக்காகப் பேரம் பேசிய அவருடைய மனநிலையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

பத்திரத்தின் சாரம் இதுதான். அணையின் நீர் 155 அடி மட்டம் வரை பரவும் 8,000 ஏக்கர் நிலமும், கட்டுமான வேலைகளுக்காக மேலும் 100 ஏக்கர் வரையிலான நிலமும் சென்னை அரசுக்குக் குத்தகையாக விடப்படும். குத்தகை ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய். 8,000 ஏக்கருக்கும் சேர்த்து 40,000 ரூபாய். காலம் 1886 ஜனவரி முதல் நாளிலிருந்து 999 ஆண்டுகள். அது முடிந்தபின் விரும்பினால் இன்னொரு 999 ஆண்டு. பிணக்கு எழுந்தால் பக்கத்துக்கு ஒருவராக இரு மத்தியஸ்தர் கூடுவர். அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் நடுவர் ஒருவர் தீர்ப்பார்.

இப்பத்திரத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? மதுரைக்காரராகிய நமக்கு இது வாழ்வளித்த ஏடு. ஆயினும் நடுநிலையோடு நோக்கினால் இரு குறைகள் புலப்படும். முதலாவது, பேசிய இருவரும் சமமானவர் அல்லர். மேலாதிக்கம் செலுத்தும் அரசு கேட்கும்போது, அதற்கு அடங்கிய அரசர் எத்தனை காலம் தலையசைக்காமல் இருக்க முடியும்? இரண்டாவது இன்னும் நுட்பமானது. குத்தகை நிலத்துக்குப் போடப்பட்டதே தவிர நீருக்கன்று. நீரின் மதிப்பு காலந்தோறும் ஏறும், அதன் பயன் பெருகும், நாற்பதாயிரம் ரூபாய் என்பது ஒரு நாள் அற்பமாகிவிடும் என்பதையெல்லாம் ஏட்டில் யாரும் எழுதவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று குறைவாகக் காலம் குறித்தவர்கள், பத்து ஆண்டுக்கு ஒருமுறை கூடிப் பேசுவதென்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கட்டுமானத்தின் கதை பலரும் எழுதியதே. சுருங்கக் கூறிக் கடந்து செல்வோம். 1887-இல் வேலை தொடங்கிற்று. கொட்டும் மழையும் திடீர் வெள்ளமும் மலைக்காய்ச்சலும் உழைத்தவரை வாட்டின, உயிரிழந்தோர் பலர். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையால் அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் சுரங்கம் வெட்டினர். 1895 அக்டோபர் 10-ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். சுரங்கத்தைக் கடந்த நீர் சுருளியாற்றோடு சேர்ந்து வைகைக்கு வந்தது. பேரணையில் பிரிந்து கால்வாய்வழி மேலூர் நோக்கிச் சென்றது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபின் இந்நீரைத் தேக்கிவைத்துப் பங்கிடவும் இயன்றது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம்; பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம்; அதற்கப்பால் மேலூர், திருமங்கலப் பகுதிகளில் 1,05,002 ஏக்கர் ஒருபோகம் என்று பாசனக் கணக்கு அமைந்திருக்கிறது. இவ்வெண்களுக்குப் பின்னால் உள்ள அடுப்புகளை வாசகரே எண்ணிக் கொள்ளலாம்.

உடன்படிக்கைக்கு முதல் சோதனை மின்சாரத்தின் வடிவில் வந்தது. மலையிலிருந்து விழும் நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு விரும்பிற்று. பாசனத்துக்கென்று கொடுத்த தண்ணீரில் வேறு பயன் எடுக்க உரிமையில்லை என்று திருவிதாங்கூர் தடுத்தது. பத்திரம் சொன்னபடியே இரு மத்தியஸ்தர் கூடினர், கருத்து வேறுபட்டனர், வழக்கு நடுவரிடம் போயிற்று. 1941-இல் அவர் திருவிதாங்கூரின் பக்கமே தீர்ப்பளித்தார். சிறிய சமஸ்தானம் வென்றது. பேரரசின் மாகாணம் தோற்றது. நாம் இதில் காண்பது வெற்றி தோல்வியை அன்று. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு வாசகம், வலியவனையும் கட்டி நிறுத்தியதே, அதைத்தான்.

தீர்ப்பு திருவிதாங்கூருக்கு உரிமையைக் காத்துக் கொடுத்தது. ஆனால் விழும் நீர் வீணே விழுந்துகொண்டிருந்தது. நாடு விடுதலையடைந்து, மாநிலங்கள் மொழிவாரியாக அமைந்தபின், ஆண்டையும் அடக்கப்பட்டவரும் என்ற நிலை மாறிச் சமமான இருவர் பேச அமர்ந்தனர். 1950-களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1970 மே 29-ஆம் நாள் தமிழ்நாடும் கேரளமும் துணை ஒப்பந்தங்களில் ஒப்பமிட்டன. குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. அதற்கெனத் தனிக் கட்டணம் கேரளத்துக்குச் சேர்ந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்பாடும் அதே நாளில் கையெழுத்தானதே. 1886-இல் எழுதாமல் விட்டதை 1970-இல் எழுதிச் சேர்த்தனர் எனலாம். ஆரவாரமில்லாமல் நடந்த இந்நிகழ்ச்சியை நம் பாடநூல்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை.

இவ்விடத்தில் ஹதீஸ் கலையில் பயின்றோர் நன்கறிந்த ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் இதனைப் பதிவு செய்திருக்கின்றார்கள். மதீனாவின் ஹர்ரா எனும் கற்பாங்கான நிலத்திலிருந்து வரும் மழைநீர் வாய்க்காலில் ஸுபைர் (ரலி) அவர்களின் பேரீச்சந்தோட்டம் மேல்மடை. அன்ஸாரி ஒருவரின் தோட்டம் கீழ்மடை. நீரைத் தேக்காமல் விடுமாறு அன்ஸாரி கேட்டார், ஸுபைர் இணங்கவில்லை. வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. ஸுபைர் தம் தோட்டத்துக்குப் பாய்ச்சிக் கொண்டு, பின் அண்டை வீட்டாருக்கு விட்டுவிட வேண்டும் என்பதே நாயகத்தின் முதற்சொல். அன்ஸாரி அதில் நிறைவடையவில்லை. உறவினர் என்பதால் ஸுபைருக்குச் சாதகமாகச் சொன்னதாகக் குறைகூறினார். நாயகத்தின் திருமுகம் மாறிற்று. அதன்பின், நீர் வரப்பை எட்டும் மட்டும் தேக்கிவைத்துக் கொள்ளுமாறு ஸுபைரிடம் கூறினார்கள்.

முதற்சொல் இருவருக்கும் இலகுவான சமரசம். இரண்டாவது மேல்மடைக்காரருக்குரிய முழு உரிமை என அறிஞர்கள் விளக்குவர். முதலாவது ‘சுல்ஹு’, இரண்டாவது ‘ஹுக்மு’. சமரசம் முந்தியது, ஒருவர் அதைத் தள்ளிய பிறகே தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் கீழ்மடைக்காரர் முன்னிலும் குறைவாகவே பெற்றார். மற்றொரு நுட்பமும் இதில் உண்டு. ‘வரப்பை எட்டும் மட்டும்’ என்பது எவ்வளவு என்று பின்னர் வினா எழ, மக்கள் அதனைக் கணுக்கால் அளவென்று கணித்ததாக இப்னு ஷிஹாப் (ரஹ்) அறிவிக்கின்றார்கள். நீர் வழக்கில் சொல்லை அளவாக்காமல் அமைதி வராது என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தனர்.

பெரியாற்று வழக்கும் பின்னாளில் ஓர் அளவைப் பற்றியதாகவே சுருங்கிற்று. 1970 வரை எழுந்த வினாக்களெல்லாம் உரிமையையும் பணத்தையும் சார்ந்தவை. அவற்றைக் கூட்டிக் கழித்துத் தீர்க்கலாம். 1979-இல் வேறொன்று நுழைந்தது, அது அச்சம். நூறாண்டை நெருங்கும் சுண்ணாம்புக் காரை அணை உடைந்தால் கீழே வண்டிப்பெரியாறு தொடங்கி மக்கள் நெருங்கி வாழும் பள்ளத்தாக்கு என்னாவது என்ற குரல் கேரளத்தில் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் குஜராத்தின் மோர்வி நகரை மச்சு அணை உடைந்து அழித்திருந்தது. மத்திய நீர்வள ஆணையத்தின் யோசனைப்படி, அணையைப் பலப்படுத்தும் வரை நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே இரும்பு வடங்கள், பின்புறம் கான்கிரீட் முட்டு எனப் பணிகள் நடந்தேறின. பணி முடிந்தபின்பும் மட்டம் உயரவில்லை. அணை பலமாயிற்று என்றது தமிழ்நாடு. நம்பிக்கை பலமாகவில்லை என்றது கேரளம்.

2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்து அதைத் தடுத்தது. வழக்கு மீண்டும் போயிற்று. 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லாது என்றது. 142 அடியை உறுதிசெய்து, மேற்பார்வைக்கு மூவர் குழுவையும் அமைத்தது. அரசர் காலத்து உடன்படிக்கை 1947-உடன் காலாவதியாகிவிட்டது என்ற வாதமும் அங்கே எழுந்தது. அது இரு அரசுகளின் அரசியல் உடன்படிக்கை அன்று, குத்தகைப் பத்திரமே. ஆதலின் உயிரோடுதான் இருக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. அவ்வாண்டு நவம்பரில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நீர் 142 அடியைத் தொட்டது. மேலூர்ப் பக்கம் இனிப்பு வழங்கினார்கள். நாமும் ஒரு துண்டு வாங்கி உண்டோம், மறைப்பதற்கில்லை.

ஆனால் ‘ஹுக்மு’ கிடைத்ததே தவிர ‘சுல்ஹு’ கிடைக்கவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, அம்மாத இறுதி வரை மட்டத்தை 139 அடியளவில் வைக்குமாறு நீதிமன்றமே கூற நேர்ந்தது. மூன்றடி நீருக்காக இரு மாநிலமும் தலைநகர் தில்லி செல்ல வேண்டியிருந்தது. புதிய அணை கட்டுவோம், உங்கள் தண்ணீர் குறையாது என்கிறது கேரளம். சிற்றணையைப் பலப்படுத்தி 152 அடி வரை தேக்குவோம் என்கிறது தமிழ்நாடு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவார் அரியர்.

ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தாரின் அச்சத்தை அரசியல் நாடகம் என்று தள்ளிவிடுவது நம் பக்கத்தில் பெருவழக்காகிவிட்டது. நாடகமாடுவோர் இரு புறமும் உண்டு. ஆனால் இரவில் மழை பெய்யும்போது விழித்திருக்கும் தாய்க்கு நாடகம் தெரியாது. அவ்வாறே, ஆடியில் நாற்றங்கால் காய்வதைப் பார்த்துக் கொண்டிருக்கும் கள்ளந்திரி உழவரைப் பேராசைக்காரர் என்பதும் அநீதி. ஒருவருக்குத் தண்ணீர் மிகுமோ என்ற அச்சம். மற்றவருக்குத் தண்ணீர் குறையுமோ என்ற அச்சம். 1886-இன் ஏட்டில் இவ்விரண்டுக்குமே இடமில்லை.

உலகில் நீருக்காக நாடுகள் பேசிய வரலாறு நமக்குத் துணைபுரியும். பாகிஸ்தான் பிரிந்த மறு ஆண்டு, 1948 ஏப்ரல் முதல் நாளில், கிழக்குப் பஞ்சாபிலிருந்து எல்லைக்கு அப்பால் செல்லும் கால்வாய்களில் நீர் நிறுத்தப்பட்டது. மே மாதமே தற்காலிக உடன்பாடு கண்டு நீர் விடப்பட்டது. பின்னர் உலக வங்கி இடையில் அமர, எட்டாண்டுப் பேச்சுக்குப்பின் 1960 செப்டம்பர் 19-இல் கராச்சியில் நேருவும் அயூப் கானும் சிந்து நதி உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. அது பங்காளிகள் நடுச்சுவர் எழுப்பிக் கொள்ளும் பாகப்பிரிவினை. 1965, 1971, 1999 போர்களையும் அது தாங்கிற்று. பீரங்கி முழங்கிய ஆண்டுகளிலும் கால்வாய்க் கணக்கு கைமாறிக் கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில், பஹல்காம் படுகொலைக்குப் பின், இந்தியா அவ்வுடன்படிக்கையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அறுபத்தைந்து ஆண்டு காத்த சுவரும் நல்லுறவின்றி நிற்காது போலும்.

பெரியாற்றில் பாகப்பிரிவினைக்கு வழியில்லை. ஒரே ஆறு, ஒரே அணை. நிலம் அவர்களுடையது, பராமரிப்பு நம்முடையது. இத்தகைய கூட்டு வாழ்வுக்கு ஸ்பெயினின் வலென்சியா நகரமே பொருத்தமான உவமை. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் செழித்த வாய்க்கால்கள் அங்கே இன்றும் தோட்டங்களை நனைக்கின்றன. வாய்க்காலுக்கு ஸ்பானியர் வழங்கும் பெயரே ‘ஸாகியா’ எனும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. வியாழன்தோறும் நண்பகலில், முன்னாளில் பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுந்த தேவாலயத்தின் வாயிலில், உழவர்களே தேர்ந்தெடுத்த நடுவர்கள் கூடுகின்றனர். வழக்கு வாய்மொழியாகவே நடக்கும், தீர்ப்பும் அப்போதே. வழக்கில்லாத வாரமும் அவர்கள் கூடிக் கலைவார்கள் என்பதுதான் நம்மை மிகவும் கவர்ந்தது. சண்டை வந்தபின் நாள் குறித்துக் கூடுவோர்க்கும், நாள் வந்ததால் கூடுவோர்க்கும் உள்ள வேறுபாடு பெரிது. நம் ஊர்க் கண்மாய்களிலும் நீர்ப்பாய்ச்சி முறை வைத்துப் பாய்ச்சுவதற்கு முன், ஊரார் மடைக்கரையில் கூடுவது வழக்கமாகத்தான் இருந்தது.

பெரியாற்றின் இரு கரையும் நம் சமுதாயத்துக்குப் புதியனவல்ல. கம்பம், உத்தமபாளையத்து இராவுத்தர் குடும்பங்கள் ஏலத்தோட்டத்துக்கும் மிளகு வணிகத்துக்கும் மலையேறித் தலைமுறைகள் ஆயின. குமுளியிலும் தொடுபுழையிலும் காஞ்சிரப்பள்ளியிலும் வேர்விட்டோர் பலர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கின்றன. 2011 டிசம்பரில் அணை குறித்த கொந்தளிப்பு உச்சத்தை எட்டி, குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றபோது, நம்மிடம் ஓதிக் கொண்டிருந்த கம்பத்து மாணவர் ஒருவர் நாள்தோறும் கலங்கிய முகத்தோடு வகுப்புக்கு வருவார். அவருடைய தமக்கை வாழ்க்கைப்பட்டது வண்டிப்பெரியாற்றில், பிரசவ மாதம். தாயார் இங்கிருந்து போக வழியில்லை. அவருடைய தந்தைக்கோ கம்பத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை. அணையில் நீர் ஏற வேண்டும் என்று தந்தை துஆச் செய்தால், இறங்க வேண்டும் என்று மகள் துஆச் செய்வாள். நான் எதற்கு ஆமீன் சொல்வது, ஹஜ்ரத் என்று அம்மாணவர் நம்மைக் கேட்டார். இரு பக்கமும் பாதுகாப்பாக இருக்கும் அளவில் நிற்கட்டும் என்று கேளுங்கள் என்று மட்டும் கூறினோம். அது எத்தனை அடி, ஹஜ்ரத் என்றார்.

சாலை திறந்த பிறகு தாயார் மலையேறிச் சென்றார், பேத்தி பிறந்திருந்தாள். இன்றும் அவ்வீட்டார் கம்பத்தில் ஒரு நாளிதழையும், வண்டிப்பெரியாற்றில் வேறொரு நாளிதழையும் காலையில் விரிக்கும்போது, முதலில் தேடுவது பெரியாற்றின் நீர்மட்டத்தைத்தான். இரண்டு தாளிலும் அச்சாகியிருப்பது ஒரே எண்.